ட்ரைவால், மரத்தரை வேலைக்கு ஆள் அமர்த்தும் முன்

ட்ரைவால் எனப்படும் ஜிப்சம் போர்டு சுவர் வேலையும் மரத்தரை வேலையும் ஒரே வீட்டில் நடக்கும்போது, தகராறு கிளம்புவது பெரும்பாலும் ஒருவர் முடித்து அடுத்தவரிடம் விடும் இடத்தில்தான். சுவர்க்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு போன பிறகு பெயிண்டர் வந்து, “மூட்டெல்லாம் கோடு கோடாத் தெரியுதே” என்பார். தரைக்காரர் பலகைகளை இறக்கிவிட்டு, “கீழே மட்டமில்லை, அதைச் சரிபண்ணத் தனிக் கூலி” என்பார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். எந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வைக்காததுதான் கோளாறு. ஆளைத் தேடும் முன்பே, எதை எந்த அளவில் கேட்கப்போகிறீர்கள் என்று எண்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வருபவை அந்த எண்கள்.

எது முதலில்

சுவர் முதலில், தரை பிறகு. தூசியும் சிந்தலும் இதற்கு ஒரு காரணம். பெரிய காரணம் ஈரம். போர்டு மூட்டுகளில் பூசும் காம்பவுண்டு காயும்போது அதிலுள்ள தண்ணீர் முழுவதும் அறைக் காற்றில்தான் கலக்கிறது. அந்த நேரத்தில் மரப்பலகைக் கட்டுகள் அங்கே கிடந்தால் அவை அந்த ஈரத்தைக் குடித்து உப்பும். உப்பிய நிலையில் இறுக்கி அடித்த தரை, வீடு உலர்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும்.

சரியான வரிசை இது: மின்கம்பி, குழாய் வேலை முடிந்து போர்டு அடித்தல், மூட்டுப் பூச்சு, தேய்ப்பு, ப்ரைமரும் முதல் கோட் பெயிண்டும், வீட்டின் குளிரூட்டியோ சூடாக்கியோ வழக்கமாக ஓடுவது போல் சில நாள் ஓட வேண்டும், அதன் பிறகே மரம் உள்ளே வர வேண்டும். தரை போட்டு முடிந்ததும் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் பட்டை), கடைசியாக இறுதிக் கோட் பெயிண்ட். தரையை வீட்டிலேயே தேய்த்துப் பூச்சு அடிப்பதானால், இறுதிக் கோட் பெயிண்ட் தேய்ப்புக்குப் பிறகுதான். தேய்ப்பு இயந்திரம் ஸ்கர்ட்டிங்கில் உரசாமல் போவது அபூர்வம்.

மரத்தரை ஏற்கெனவே இருக்கும் வீட்டில் சுவர் வேலை செய்வதானால், தரைக்குத் தடித்த அட்டை விரித்து, ஏணி நிற்கும் இடங்களில் ஒட்டுப்பலகை போடுவது யார் பொறுப்பு என்று எழுதுங்கள். ஒட்டும் டேப்பை அட்டையோடு அட்டை சேர்த்துத்தான் ஒட்ட வேண்டும். தரைப்பூச்சின் மேல் நேரடியாக ஒட்டினால் உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும்.

அளவு எடுப்பது

ஒப்பந்தக்காரர் வரும் முன் நீங்களே ஒருமுறை அளந்துவிடுங்கள். 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறை, 2.7 மீட்டர் உயரம் என்றால் நான்கு சுவருக்கும் 48.6 சதுர மீட்டர், மேற்கூரைக்கு 20, மொத்தம் 68.6. வெட்டுக் கழிவுக்கு 10 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 75.5. நான்குக்கு எட்டு அடி, அதாவது 1.2 × 2.4 மீட்டர் போர்டு ஒன்று 2.88 சதுர மீட்டர். ஆக 27 போர்டு. சுவர்க்காரர்கள் சாதாரணக் கதவு, ஜன்னல்களை அளவிலிருந்து கழிப்பதில்லை. வெட்டும் வேலை அங்கேதான் அதிகம் என்பதால் அது நியாயமே. ஆனால் “சதுர அடிக்கு இவ்வளவு” என்று சொல்பவர் போர்டின் பரப்பைச் சொல்கிறாரா, அறைத்தரையின் பரப்பைச் சொல்கிறாரா என்று கேளுங்கள். மேலே பார்த்த அறையில் இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று மடங்குக்கு மேல்.

தரைக்கு அதே அறையில் 20 சதுர மீட்டர். நேர்வரிசைக்கு 10 சதவீதம் சேர்த்து 22. குறுக்குக் கோணத்திலோ மீன்முள் வடிவத்திலோ போடுவதானால் 15 சதவீதம் வரை சேருங்கள். அலமாரிகளின் உட்பகுதி, கதவடி, படிக்கட்டு ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறியுங்கள். படிக்கட்டுக்குப் படிக்கணக்கில்தான் கூலி. அதைப் பரப்பில் சேர்த்துச் சொன்னால் பிறகு குழப்பம் வரும்.

சுவர் வேலையில் எழுத வேண்டியவை

முதலில் போர்டு வகை. சுவருக்கு 12.5 மி.மீ. பொதுவானது. மேற்கூரையில் சட்டங்களின் இடைவெளி 600 மி.மீ. என்றால் சாதாரண 12.5 மி.மீ. போர்டு நாளடைவில் தொய்யும். அங்கே 15 மி.மீ. போர்டோ, தொய்வு தாங்கும் மேற்கூரைப் போர்டோ வேண்டும். குளியலறையில் ஈரம் தாங்கும் பச்சைப் போர்டு போடலாம், ஆனால் ஷவர் தண்ணீர் நேரடியாக விழும் இடத்தில் அதுவும் போதாது. அங்கே சிமெண்ட் போர்டு, அதன் மேல் நீர்ப்புகாப் பூச்சு, பிறகு டைல். “பச்சைப் போர்டு எல்லா இடத்துக்கும் தாங்கும்” என்பவரிடம் அந்த அறையை ஒப்படைக்காதீர்கள்.

அடுத்தது முடிப்பு நிலை. கொட்டேஷனில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். விலையில் பெரிய வித்தியாசம் வருவதும் இதில்தான். வட அமெரிக்காவில் 0 முதல் 5 வரை நிலைகள் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் க்யூ1 முதல் க்யூ4 வரை. நிலை 4 என்றால் மூட்டுகளில் டேப் பதித்து அதன் மேல் இரண்டு பூச்சு, ஸ்க்ரூத் தலைகளுக்கு மூன்று பூச்சு. பளபளப்பில்லாத பெயிண்டுக்கு இது போதும். நிலை 5 என்றால் இதற்கு மேல் சுவர் முழுவதற்கும் ஒரு மெல்லிய பூச்சு இழுக்க வேண்டும். பளபளப்பான பெயிண்ட், அடர்ந்த நிறம், பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் விழும் நீளச் சுவர், சுவரை ஒட்டி வரிசை விளக்கு: இவற்றில் ஏதாவது இருந்தால் நிலை 5 கேளுங்கள். வீடு முழுக்கத் தேவையில்லை. வெளிச்சம் விழும் இரண்டு சுவருக்கு மட்டும் 5, மற்றவைக்கு 4 என்று எழுதினால் செலவு அடங்கும். விளக்கு எங்கே வருகிறது, என்ன பெயிண்ட் என்று தானாகக் கேட்கும் ஒப்பந்தக்காரர் விஷயம் தெரிந்தவர்.

போர்டு அடிக்கும் முறையில் சில புள்ளிகள். மேற்கூரை முதலில், சுவர் பிறகு. அப்போதுதான் சுவர்ப் போர்டு மேற்கூரையின் விளிம்பைத் தாங்கிப் பிடிக்கும். மரச் சட்டத்துக்கு அகன்ற மரை ஸ்க்ரூ, இரும்புச் சட்டத்துக்கு நெருக்கமான மரை. 12.5 மி.மீ. போர்டுக்கு 32 மி.மீ. ஸ்க்ரூ போதும், நீளமாகப் போட்டால் உறுதி கூடாது, மரம் காய்ந்து சுருங்கும்போது ஸ்க்ரூத் தலை வெளியே துருத்துவதுதான் கூடும். மேற்கூரையில் 300 மி.மீ.க்கு ஒன்று, சுவரில் 400 மி.மீ.க்கு ஒன்று. தலை காகிதத்துக்குச் சற்றே கீழே இறங்க வேண்டும், காகிதம் கிழியக் கூடாது. காகிதம் கிழிந்த இடத்தில் ஸ்க்ரூ வெறும் ஜிப்சத்தில் நிற்கிறது. அதற்குப் பிடிமானம் இல்லை. பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும்.

கதவு, ஜன்னல் மூலைக்கு நேராக மூட்டு வரக் கூடாது. வந்தால் அங்கிருந்து மேல்நோக்கி விரிசல் கிளம்பும், எத்தனை முறை பட்டி பார்த்தாலும் திரும்ப வரும். போர்டை ‘எல்’ வடிவில் வெட்டி மூலையைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். சுவரின் அடியில் தரைக்கும் போர்டுக்கும் 12 மி.மீ. இடைவெளி விட வேண்டும். தண்ணீர் சிந்தினால் போர்டு அதை உறிஞ்சி ஏற்றிவிடும் என்பதால்தான். ஸ்கர்ட்டிங் அந்த இடைவெளியை மறைத்துவிடும்.

போர்டின் நீள விளிம்பு சரிவாக இருக்கும். அந்த மூட்டுகள் சமமாக முடியும். குறுக்கு விளிம்புக்குச் சரிவு கிடையாது, எனவே அங்கே பூச்சு மேடு தட்டும். அதை மறைக்க இரு பக்கமும் 300 மி.மீ. வரை மெலிதாக இழுத்துவிட வேண்டும். 3.6 மீட்டர் நீளப் போர்டு வாங்கினால் குறுக்கு மூட்டே குறையும். மாடிப்படியிலும் கதவிலும் அந்த நீளம் நுழையுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டேப்பில் காகிதம், வலை என்று இரண்டு வகை. வலை டேப் போட்டால் முதல் பூச்சு தண்ணீரில் கலந்து கெட்டிப்படும் தூள் வகையாக இருக்க வேண்டும். வாளியில் தயாராக வரும் காம்பவுண்டை அதன் மேல் இட்டால் விரிசல் விடும். காகித டேப்பில் குமிழ் எழுந்தால் அடியில் காம்பவுண்டு போதவில்லை என்று பொருள். அதை வெட்டி எடுத்து மறுபடி பதிக்கச் சொல்லுங்கள். மேலே பூசி மறைத்தால் பெயிண்டுக்குப் பிறகு எழும்பும்.

வாளிக் காம்பவுண்டு ஒவ்வொரு கோட்டும் காய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், ஈரப்பதமான காலத்தில் இன்னும் கூடும். அதனால்தான் சின்ன ஓட்டையை அடைக்கவும் மூன்று நாள் வந்துபோகிறார்கள், குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று கேட்கிறார்கள். ஒட்டு வேலைகளைச் சேர்த்துவைத்து ஒரே முறையில் செய்வது லாபம். “ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்” என்பவர் 20 அல்லது 45 நிமிடத்தில் கெட்டிப்படும் தூளைப் பயன்படுத்துகிறவராக இருக்கலாம். ஒட்டு வேலைக்கு அது தவறில்லை. வீடு முழுவதையும் அப்படி முடிப்பேன் என்றால் யோசியுங்கள்.

சுவரை மூடும் முன் ஒரு நாள் உங்களுக்கு வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அன்று ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள்: கம்பி, குழாய், சட்டங்கள் எங்கே என்று பிறகு தேட வேண்டியிருக்காது. தொலைக்காட்சி, சமையலறை மேலலமாரி, கழிப்பறைக் கைப்பிடி வரும் இடங்களில் சட்டங்களுக்கு இடையே மரக்கட்டை பொருத்தச் சொல்லுங்கள். போர்டு மட்டும் அந்தக் கனத்தைத் தாங்காது. அனுமதி பெற்ற வேலையானால், அதிகாரி கம்பியையும் குழாயையும் பார்த்து ஒப்புதல் தருவதற்கு முன் சுவரை மூட விடாதீர்கள்.

பழைய வீட்டில் இடிப்பதற்கும் தேய்ப்பதற்கும் முன் ஒரு சோதனை முக்கியம். பழைய மூட்டுக் காம்பவுண்டிலும் சொரசொரப்பான மேற்கூரைப் பூச்சிலும் கல்நார் இருக்கலாம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் உடைக்கத் தொடங்கும் ஒப்பந்தக்காரரை நிறுத்திவிடுங்கள்.

தரையில் எழுத வேண்டியவை

அடித்தளம் கான்கிரீட்டா, ஒட்டுப்பலகையா என்பதைப் பொறுத்தே மர வகை. 19 மி.மீ. முழுமரப் பலகையை ஒட்டுப்பலகை அடித்தளத்தின் மேல் ஆணியடிக்கலாம். கான்கிரீட்டின் மேல் நேரடியாக என்றால் பெரும்பாலும் அடுக்குமரப் பலகைதான் (அடுக்குப் பலகையின் மேல் உண்மை மரத் தகடு ஒட்டியது), பசையில் ஒட்டியோ, அடித்தளத்தோடு ஒட்டாமல் பலகைகளை ஒன்றோடொன்று மட்டும் கோத்த மிதக்கும் தரையாகவோ. அடுக்குமரத்தில் விலையைத் தீர்மானிப்பது மேலுள்ள உண்மை மரத்தின் தடிமன். அது 1 மி.மீ.க்குக் கீழே என்றால் பின்னாளில் தேய்த்துப் புதுப்பிக்க முடியாது. 3 அல்லது 4 மி.மீ. இருந்தால் முடியும். பெட்டியில் பலகையின் மொத்தத் தடிமன்தான் பெரிதாகப் போட்டிருக்கும். மேலடுக்கை நீங்களே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

“மரத்தை மூன்று நாள் அறையில் போட்டு வைத்தால் போதும்” என்பது ஊறிப்போன நம்பிக்கை. நாள் கணக்கு எதையும் காட்டாது, ஈரமானி காட்டும். பலகையின் ஈரம், அடித்தள ஒட்டுப்பலகையின் ஈரம் இரண்டையும் அளந்து குறிக்க வேண்டும். 75 மி.மீ.க்குக் குறைந்த அகலப் பலகையானால் இரண்டுக்கும் வித்தியாசம் 4 சதவீதப் புள்ளிக்கு மேல் போகக் கூடாது, அதைவிட அகலமானால் 2. அடித்தளத்தில் பல இடங்களிலும் பலகைகளில் பல கட்டுகளிலும் அளந்து, தேதியோடு எழுதி உங்களிடம் ஒரு பிரதி தர வேண்டும். பிற்பாடு தரை வளைந்தால் உற்பத்தியாளர் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். அது இல்லையென்றால் உத்தரவாதம் பேச்சோடு போகும்.

கான்கிரீட்டுக்கு வேறு சோதனை. புதிய கான்கிரீட் 25 மி.மீ. தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்ற கணக்கில் காயும், 100 மி.மீ. தளத்துக்கு நான்கு மாதம். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். துளையிட்டுத் தடிமனில் 40 சதவீத ஆழத்தில் உணரியை வைத்து அளப்பதே நம்பகமானது. பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைத்து அடியில் வியர்க்கிறதா என்று பார்ப்பது குத்துமதிப்புதான். எந்த அளவு வரை ஏற்கலாம் என்பது ஒட்டும் பசையைப் பொறுத்தது; பசையின் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

மட்டம்: 3 மீட்டர் நேர்க்கோலை அடித்தளத்தில் எங்கே வைத்தாலும் அடியில் 5 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. மேட்டைத் தேய்ப்பதும் பள்ளத்தை நிரப்புவதும் கூலியில் சேருமா, சேராதென்றால் சதுர மீட்டருக்கு என்ன விலை என்று வேலை தொடங்கும் முன்பே முடிவாகட்டும். பழைய ஒட்டுப்பலகை நடக்கும்போது கிறீச்சிட்டால் மரம் போடும் முன் அதைச் சட்டங்களோடு ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். மேலே புதுத்தரை போட்டால் சத்தம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முழுமரப் பலகைக்கு ஆணி 200 முதல் 250 மி.மீ. இடைவெளியில், பலகை முனையிலிருந்து 50 முதல் 75 மி.மீ.க்குள் ஒன்று கட்டாயம். பலகை கீழுள்ள தாங்குசட்டங்களுக்குக் குறுக்காக ஓட வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளின் முனை மூட்டுகள் குறைந்தது 150 மி.மீ. தள்ளி வரட்டும், அகலப் பலகையில் இன்னும் அதிகமாக. சுவர் ஓரம் சுற்றிலும் பலகைத் தடிமன் அளவுக்கு இடைவெளி, அதாவது 19 மி.மீ. பலகைக்கு 19 மி.மீ. ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையில் அல்ல. மிதக்கும் தரையின் மேல் சமையலறை மேடையோ கனமான நிலை அலமாரியோ ஏற்றினால் தரை நகர முடியாமல் அங்கே பூட்டிக்கொள்ளும். மறுமுனையில் உப்பி எழும்.

ஆணி அடித்த பலகை, ஏற்றுக்கொண்ட பலகை. இது இந்தத் தொழிலில் எங்கும் செல்லும் விதி. நிறம் பிடிக்கவில்லை, முடிச்சு அதிகம் என்று போட்ட பிறகு சொன்னால் கடைக்காரர் கை விரிப்பார். நான்கைந்து பெட்டிகளைப் பிரித்துக் கலந்து தரையில் பரப்பிப் பார்க்கும் வேளையில் நீங்கள் அங்கே இருங்கள்.

வீட்டில் தேய்ப்பதானால் உப்புத்தாள் எண்கள் 40, 60, 80, 100 என்று படிப்படியாகப் போக வேண்டும். இடையில் தாண்டினால் கீறல்கள் நிறமேற்றும்போது பளிச்சென்று தெரியும். ஓரத்தைத் தேய்க்கும் சிறு இயந்திரத்திலும் நடுவில் ஓடும் பெரிய இயந்திரத்திலும் கடைசி எண் ஒத்துப்போகாவிட்டால் அறையைச் சுற்றிச் சட்டம் கட்டியது போல் ஒரு கரை தோன்றும். பூச்சு மூன்று கோட். நீர்வகைப் பாலியூரித்தேன் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் அடுத்த கோட்டுக்குத் தயாராகும். எண்ணெய் வகைக்கு ஒரு நாள் வரை ஆகும். காலுறையோடு நடக்க ஒரு நாள், மரச்சாமான் வைக்க மூன்று நான்கு நாள். கம்பளம் விரிப்பதற்கு டப்பாவில் சொன்ன காலம் வரை பொறுங்கள். எண்ணெய் வகைக்கு அது ஒரு மாதம் வரை போகும். எண்ணெய்ப் பூச்சு துடைத்த துணியைக் குவித்துப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் நிரப்பிய இரும்பு டப்பாவில் போடுவதா, வெளியே விரித்துக் காயவைப்பதா என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்.

பலகையின் இரு ஓரமும் உயர்ந்து நடு குழிந்தால் அடியிலிருந்து ஈரம் வருகிறது. அதை உடனே தேய்த்துச் சமப்படுத்துகிறேன் என்பவரைத் தடுங்கள். ஈரத்தின் மூலத்தை அடைத்து, பலகை உலரும் வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு தேய்த்தால், உலர்ந்த பிறகு நடு மேடாகிவிடும். அதைச் சரிசெய்ய மறுபடி தேய்க்க வேண்டிவரும், மரமும் போகும்.

ஆளும் பணமும்

ஒரே வேலைப்பட்டியலை மூன்று பேரிடம் கொடுங்கள். தொலைபேசியிலேயே விலை சொல்பவரை விட்டுவிடலாம். தரைக்காரர் முதல்முறை பார்க்க வரும்போதே ஈரமானியும் நேர்க்கோலும் கொண்டுவருகிறாரா என்று கவனியுங்கள். மிகக் குறைந்த விலை வந்தால் அதில் எது இல்லை என்று தேடுங்கள்: பழைய தரையை அகற்றுதல், குப்பை ஏற்றிச் செல்லுதல், சாமான் நகர்த்துதல், ப்ரைமர், கதவுச் சட்டத்தின் அடியை வெட்டுதல், அறைக்கு அறை இணைப்புப் பட்டை. பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்று விடுபட்டிருக்கும்.

முந்தைய வேலையைக் காட்டச் சொல்லும்போது ஓராண்டு பழையதைக் கேளுங்கள். நேற்று முடித்த சுவரும் தரையும் யார் செய்தாலும் அழகாகத்தான் இருக்கும். வறண்ட பருவம் ஒன்றைக் கடந்த தரையில்தான் இடைவெளி தெரியும். சாய்வெயில் விழும் நேரத்தில்தான் சுவரின் மேடுபள்ளம் தெரியும்.

உங்களிடம் பேசியவர்தான் வேலை செய்வாரா, உள்ஒப்பந்தம் விடுவாரா என்று கேளுங்கள். உள்ஒப்பந்தம் தவறல்ல, ஆனால் பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் வேண்டும். பொறுப்புக் காப்பீடும் தொழிலாளர் விபத்துக் காப்பீடும் உள்ளனவா என்பதற்கான சான்றைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே வரவழையுங்கள். கைப்பேசியில் காட்டும் படத்துக்குத் தேதி போயிருக்கலாம். சில நாடுகளில் பொருள் கொடுத்த கடைக்காரருக்கு ஒப்பந்தக்காரர் பணம் தராவிட்டால் அவர் உங்கள் வீட்டின் மீதே உரிமை கோரலாம். ஆகவே ஒவ்வொரு தவணையின்போதும் பொருளுக்குப் பணம் தீர்த்த ரசீது கேட்பது நல்லது.

பணத்தை நாளுக்கு இவ்வளவு என்று பிரிக்காமல் முடிந்த கட்டத்தோடு கட்டுங்கள். சுவருக்கு: போர்டு அடித்து முடிந்ததும் ஒரு பங்கு, டேப்பும் இரண்டாம் பூச்சும் முடிந்ததும் ஒரு பங்கு, ப்ரைமருக்குப் பிந்தைய சோதனை முடிந்ததும் மீதி. அந்தச் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம்: இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சினால் கீறல், மேடு, ஸ்க்ரூக் குழி எல்லாம் நிழல் விடும். பென்சிலால் வட்டமிடுங்கள், பேனா வேண்டாம், மை பெயிண்டைத் தாண்டி வரும். ப்ரைமருக்குப் பிறகு ஒருமுறை வந்து திருத்துவது கூலியில் அடக்கம் என்பதை முன்பே எழுதியிருக்க வேண்டும். அதே சமயம் டார்ச் வெளிச்சத்தில் முழுக்கச் சுத்தமாகத் தெரியும் சுவர் நிலை 4-இல் கிடைக்காது. நிலை 4-க்குக் காசு கொடுத்துவிட்டு 5-ஐக் கேட்பது நியாயமில்லை.

தரைக்கு மரத்தின் விலையைக் கடைக்கு நேராகக் கட்டிவிட்டு, கூலியில் 10 சதவீதத்தை இறுதிச் சோதனை வரை நிறுத்திவையுங்கள். செருப்பின்றி ஒவ்வொரு வரிசையிலும் நடந்து பாருங்கள். சத்தம், அசைவு, கால் இடறும் விளிம்பு ஆகியவற்றைக் குறியுங்கள். வேலை நடுவே எது மாறினாலும், ஒரு விளக்குப் புள்ளி கூடினாலும் கூட, விலையோடும் நாளோடும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே தொடங்கட்டும்.

தூசி பற்றியும் ஒரு வரி. வேலை நடக்கும் அறையின் வாசலுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் திரை, குளிரூட்டியின் காற்று இழுக்கும் துளைக்கு மூடி, உறிஞ்சும் இயந்திரம் இணைத்த தேய்ப்பான். மூடி போடாமல் தேய்த்தால் ஜிப்சத் தூள் காற்றுக்குழாய்க்குள் போய், பல மாதங்களுக்கு வீடெங்கும் படிந்துகொண்டே இருக்கும்.

கடைசித் தவணை கொடுக்கும்போது வாங்கிவைக்க வேண்டியவை: மீந்த மரப்பலகையில் ஒரு பெட்டி, அதன் தொகுதி எண், தரைப்பூச்சின் பெயரும் பளபளப்பு அளவும், பெயிண்டின் நிற எண், ஈர அளவுத் தாள், சுவர் மூடும் முன் எடுத்த படங்கள். மீந்த பலகையைக் கொட்டகையிலோ பரணிலோ போடாமல் அதே வீட்டின் உள்ளறையில், தட்டையாகப் படுக்கவைத்து வையுங்கள். பின்னால் ஒரு பலகை மாற்ற வேண்டி வந்தால் ஈரம் ஒத்துப்போகும்.